அத்தியாவசியப் பாடங்கள்

நான் உயிரோடு இருக்கிறேன் என்பதை ஆண்டுக்கொரு முறை அரசாங்கத்துக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் ஓய்வூதியம் நின்றுவிடும். இதை இங்கிலாந்திலிருந்தும் செய்யலாம். தூதரகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பிள்ளை கடவுச்சீட்டையும் முகத்தையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு முத்திரை குத்தும். ஆனால் கல்வித் திணைக்களத்தில் முப்பத்துநான்கு வருடம் இருந்தவளுக்கு, தான் வேலை செய்த மாவட்டத்துக்கே போய்த் தன் உயிரை நிரூபிப்பதில் ஒரு திருப்தி இருக்கிறது. மகன் சிரித்தான். கொவென்ட்ரியில் பிறந்த பேத்தி, "அப்பம்மா இறந்துவிட்டதாக யார் சொன்னது?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

இந்த முறை இன்னொரு காரணமும் இருந்தது. நான் வேலை செய்த அதே புத்தளம் மாவட்டத்துக் குறிஞ்சிப்பிட்டியிலிருந்து றிஸானா என்ற ஆசிரியை குரல்பதிவு அனுப்பியிருந்தார். பல வருடங்களுக்கு முன் நான் நடத்திய மூன்று நாள் வதிவிடப் பயிற்சி ஒன்றுக்கு வந்தவராம். அகலமும் சமநிலையும் உள்ள ஆரம்பப் பாடசாலைக் கலைத்திட்டம் என்பது அந்தப் பயிற்சியின் தலைப்பு. "மெடம், நீங்க தந்த கையேடு இன்னும் எங்கிட்ட இரிக்கி. அத வச்சி அடுத்த வருசத்து நேரசூசிய மாத்தப் பாக்கிறேன். ஒரு நாலு நாளைக்கு வந்து எனக்குப் பக்கத்தில இரிப்பீங்களா?"

கையேடு எழுதிய என்னிடமே அது இல்லை. அதை ஒருவர் இன்னும் வைத்திருக்கிறார் என்றதும் வர ஒப்புக்கொண்டேன். புகழ்ச்சிக்கு நான் இவ்வளவு எளிதில் மடங்குவேன் என்று சேவைக்காலத்தில் யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை காலை பிரதேச செயலகத்தில் என் உயிர் பதிவாயிற்று. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த இளம் எழுதுநர் கடதாசிகளைப் புரட்டிவிட்டு, "உயிரோட இரிக்கிறதுக்கு ரெண்டு போட்டோக்கொப்பி வேணும் மெடம்" என்றார்.

"ஒண்டுதானே கிடக்கு தம்பி."

"அப்ப அரைவாசிதான் பதியலாம். மத்தப் பாதிக்கு எதிர்க்கடைக்குப் போய்ட்டு வாங்க."

போய்விட்டு வந்தேன். அந்தப் படிவத்தில் இரண்டு கொப்பி தேவையில்லை என்பது எனக்குத் தெரியும். அதை அவரிடம் சொல்லவில்லை. தேவையில்லாத கொப்பி கேட்பதும் ஒரு மரபு, அதை வளர்த்தவர்களில் நானும் ஒருத்தி.

மத்தியானம் புத்தளத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சோறும் சூடை மீன் குழம்பும். கொவென்ட்ரியில் மீன் வெள்ளைத் துண்டாக, முள்ளில்லாமல், எந்தக் கடலிலும் நீந்தியதற்கான அடையாளம் இல்லாமல் வரும். இங்கே தலையும் முள்ளுமாக வந்ததும் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

கற்பிட்டி பஸ்ஸில் எனக்கு முன் ஆசனத்தில் இரண்டு பெண்கள் சிங்களத்தில் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"மகனை வேறு பாடசாலைக்கு மாற்றப் போகிறேன்."

"ஏன், அங்கே படிப்பிக்கிறதில்லையா?"

"எல்லாம் படிப்பிக்கிறார்கள். அதுதான் பயம். நேற்று வீட்டுக்கு வந்து ஆடிக் காட்டுகிறான்."

மற்றவள் நோய்ச் செய்தி கேட்டவள் போலத் தலையை ஆட்டினாள். கொஞ்ச நேரத்தில் பஸ் நின்றது. வீதிக்குக் குறுக்கே ஏழெட்டுக் கழுதைகள் நின்றன. சாரதி கோர்ன் அடித்தார், கழுதைகள் அசையவில்லை. நடத்துநர் இறங்கிப்போய் ஒன்றின் முதுகில் தட்டிச் சமாதானமாக ஏதோ கதைத்தார். அது அவரைப் பார்த்துவிட்டு மறுபக்கம் திரும்பி நின்றது. எனக்கு என் பழைய மேலதிகாரி ஒருவர் ஞாபகத்துக்கு வந்தார். இருபது நிமிடம் போனபின் கழுதைகள் தங்கள் சொந்தத் தீர்மானத்தின்படி விலகின.

றிஸானாவின் கணவர் பலீல் ஓட்டோவோடு சந்தியில் நின்றார். வெங்காயத் தோட்டம் செய்கிறார். வெங்காயம் இல்லாத மாதங்களில் ஓட்டோ ஓடுகிறார். "மெடம், இவட கனவே நீங்கதான்" என்றார். "எண்ட மகள் நாலாம் ஆண்டு. அடுத்த வருசம் புலமைப்பரிசில் சோதினை. ஒண்டு மட்டும் கேக்கிறேன், அவட கனவுல எண்ட மகளப் பெயிலாக்கிப்போடாதீங்க." சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை பாடசாலை. எட்டாம் வகுப்பு வரை உள்ள சிறிய முஸ்லிம் பாடசாலை. அதிபர் உம்ராவுக்குப் போயிருந்ததால் றிஸானாதான் பதில் அதிபர். காற்றாடிக் கோபுரங்கள் பனைகளுக்கு மேலாகச் சுற்றுகின்றன. தோட்டங்களில் தண்ணீர் சிதறும் சத்தம் வகுப்பறை வரைக்கும் கேட்கிறது. சுவரில் நேரசூசி தொங்கியது. இடைவேளை வரை தமிழ், கணிதம், சமயம், திரும்பவும் தமிழ். பிறகு ஆங்கிலம், சிங்களம். மிச்சக் கட்டங்கள் எல்லாவற்றிலும் ஒரே சொல்: பேப்பர், அதாவது வினாத்தாள் பயிற்சி. மூன்றாம் வகுப்புக்கும் பேப்பர்.

"சுற்றாடல் எங்க?" என்று கேட்டேன்.

"அறிக்கையில இரிக்கி மெடம். நேரசூசில இல்ல."

"அழகியல்?"

"அத நீங்க வெளிய வந்து பாக்கணும்."

முற்றத்தில் சிமெந்து போட்ட பகுதி முழுவதும் சுண்ணக்கட்டிக் கோடுகள். நான்காம் வகுப்புப் பிள்ளைகள் குந்தியிருந்து கீறிக்கொண்டிருந்தார்கள். நடுவில் முழங்காலில் நின்றவர் அன்ரன் மாஸ்டர். கற்பிட்டிப் பக்கத்துக் கத்தோலிக்கர், மீன்பிடிக் குடும்பம். மேல் வகுப்புகளுக்குச் சித்திர ஆசிரியர். அவருடைய ஓய்வுப் பாடவேளைகளில் ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறார். மூன்று கிழமையாக ஊரின் வரைபடம் நடக்கிறது.

பலீலின் மகள் சனா எனக்கு விளக்கம் தந்தாள். "இது எங்கட கிணறு. நீலம் எண்டா குடிக்கலாம். இந்த வெள்ளக் கிணறெல்லாம் உப்பு. இது பள்ளிவாசல். அது மீன் வாடி. இதுல கழுத நிக்கும்."

"கழுதை நடந்து போனால்?"

"அழிச்சிட்டு வேற இடத்துல கீறுவோம்."

தூரத்தைக் காலடியால் அளந்திருக்கிறார்கள். ஒருவனுக்கு நூறு அடி, இன்னொருத்திக்கு நூற்று நாற்பது. யாருடைய கால் சரி என்று சண்டை வந்து, கடைசியில் ஒரு கயிற்றை எடுத்து எல்லாரும் அதாலேயே அளப்பது என்று தீர்மானித்திருக்கிறார்கள். அந்தத் தீர்மானத்தைத் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டி, ஒவ்வொருவரும் கையெழுத்தும் போட்டிருந்தார்கள். தமிழ், கணிதம், சுற்றாடல், சித்திரம் எல்லாம் ஒரே முற்றத்தில். நான் என் கையேட்டில் பதினோரு பக்கம் செலவழித்து எழுதியது இதைத்தான். எழுதிய காலத்தில் இப்படி ஒன்றை நான் கண்ணால் கண்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

பேத்தியின் பாடசாலையிலும் இப்படி நடக்கும். எரிமலை செய்ய முட்டைப் பெட்டி கொண்டுவரச் சொல்லிக் கடிதம் வரும். எரிமலை வெடிக்கும், எல்லாரும் படம் எடுப்பார்கள், எட்டாம் வாய்ப்பாடு மட்டும் வராது. அதைப் பார்த்து நான் பல தடவை உதட்டைச் சுழித்திருக்கிறேன். இங்கே கிணற்று உப்பைப் பற்றிச் சனாவுக்குத் தெரிந்தது எந்த எரிமலையையும் விடப் பயன்படக்கூடியது, வாய்ப்பாடும் அவளுக்கு மனப்பாடம்.

விடயம் என்ன என்பதை றிஸானா தேநீரோடு சொன்னார். மேல் வகுப்புகளில் பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள். அங்கே மட்டும் அன்ரனுக்குக் கிடைக்கும் பாடவேளைகள் ஒரு ஆசிரியரை வைத்திருக்கப் போதாது. ஆரம்பப் பிரிவு நேரசூசியில் அவர் பெயரில் ஆறு பாடவேளை ஏறினால் அவர் இருப்பார். ஏறாவிட்டால் மேலதிக ஆசிரியர் என்று ஜனவரியில் வேறெங்காவது போவார். நேரசூசி வெள்ளிக்கிழமைக்கு முன் வலயக் கல்வி அலுவலகத்துக்குப் போகவேண்டும். அதற்கு முதல் பெற்றோர் கூட்டம் சம்மதிக்க வேண்டும். பெற்றோர் ஒரு பேப்பர் பாடவேளையைக்கூட விடமாட்டார்கள்.

"இந்த நேரசூசி எங்கிருந்து வந்தது?" என்று கேட்டேன். பழக்கதோஷம். எந்தக் கடதாசிக்கும் ஒரு பிறப்பிடம் இருக்கும்.

"அது பழசு மெடம். எங்கட பின்னேரப் பள்ளிக்கூடத்து நேரசூசி. சொந்தக் கட்டடம் கிடச்சி காலையில நடத்தத் தொடங்கினப்ப மணிய மட்டும் மாத்தினாங்க. பிறகு இங்கிலீசு, சிங்களம் சேந்திச்சு. மிச்ச நேரத்துக்கு பேப்பர். மேல இரிக்கிற நாலும் அப்படியே இரிக்கி. அத்தியாவசியப் பாடங்கள் எண்டுதான் எங்கட ஆக்கள் சொல்ற."

தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்தேன்.

தொண்ணூறில் தமிழ் இயக்கத்தால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் புத்தளம் கரை நெடுகிலும் முகாம்களில் இருந்தார்கள். பிள்ளைகளுக்கு இருந்து படிக்க இடமில்லை. உள்ளூர்ப் பாடசாலைகளில் காலையில் உள்ளூர்ப் பிள்ளைகள், பின்னேரம் இந்தப் பிள்ளைகள் என்று ஏற்பாடாயிற்று. பின்னேரம் நேரம் குறைவு. எதை வைப்பது, எதை விடுவது என்று ஒரு சுற்றறிக்கை வேண்டும். அலுவலகத்தில் ஆரம்பக் கல்விக்குப் புதிதாக வந்திருந்த இளம் உத்தியோகத்தர் ஒருத்தி அதை ஒரே இருப்பில் எழுதி முடித்தாள். தமிழ், கணிதம், சமயம், திரும்பவும் தமிழ். அரிசி, மா, சீனி என்று அந்தக் காலத்தில் நாங்கள் தினமும் பார்த்த பட்டியலிலிருந்து ஒரு சொல்லை எடுத்துத் தலைப்பிட்டாள்: அத்தியாவசியப் பாடங்கள். மூன்று மாதத்துக்கு மட்டும் என்று அடியில் எழுதினாள். கையொப்பம் மேலதிகாரியுடையது. சொற்கள் என்னுடையவை.

மூன்று மாதம் முடிந்ததும் அதை மீளாய்வு செய்ய வேண்டியது யார் என்று சுற்றறிக்கையில் எழுத மறந்திருந்தேன். எனக்குப் பதவி உயர்வு வந்தது, கொழும்புக்குப் போனேன். பல வருடம் கழித்து வந்து அதே மாவட்டத்து ஆசிரியர்களுக்கு அகலத்தையும் சமநிலையையும் பற்றி மூன்று நாள் பேசினேன். வகுப்பில் றிஸானா குறிப்பெடுத்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

இதை அவரிடம் அன்றே சொல்லியிருக்கலாம். கோப்பையை எடுத்து மிச்சத் தேநீரைக் குடித்தேன்.

புதன்கிழமை முழுவதும் றிஸானா வீட்டில் நேரசூசி வேலை. பெரிய கடதாசியை விறாந்தையில் விரித்து நாலு மூலைக்கும் வெங்காயம் வைத்தோம். காலையில் பாணும் மாசிச் சம்பலும், பதினொரு மணிக்கு இறால் வடை, மத்தியானம் சுறா வறை. நான் யாழ்ப்பாணத்தாள், சுறா வறையில் எனக்கு அபிப்பிராயங்கள் உண்டு. இவருடையது என்னுடையதைவிட நன்றாக இருந்தது. நான் எந்த ஊர் என்று தெரிந்தும் இந்த வீட்டில் யாரும் ஒரு வார்த்தை சொல்லிக் காட்டவில்லை. முன்பு இங்கே வேலை செய்த காலத்திலும் அப்படித்தான். அது எனக்கு வசதியாக இருந்தது.

"பேப்பரக் குறைக்காம ஆறு பாடவேள எங்க எடுக்கிற மெடம்?"

"குறைக்கத்தான் வேணும் றிஸானா. சமநிலை எண்டா ஒண்டைக் குறைச்சு மற்றதைக் கூட்டுறது."

"எல்லாரும் கூட்டத்தான் கேக்கிறாங்க. குறைக்க ஒருத்தரும் கையெழுத்துப் போடமாட்டாங்க."

கொழும்பில் நாங்கள் வருடக்கணக்காக உட்கார்ந்து கண்டுபிடித்ததும் இதுதான்.

பின்னேரம், வேலையை நிறுத்திவிட்டு இருந்தபோது, அவர் தன் பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொன்னார். கேட்காமலேயே சொன்னார்.

"நாங்க ஒரு மணிக்குப் போவோம். காலைப் புள்ளைகள்ட படமெல்லாம் சுவர்ல இரிக்கும். ஆனா எல்லாம் சுவரப் பாத்துத் திருப்பி மாட்டியிருப்பாங்க. எங்களுக்கு முதுகுதான் தெரியும். மட்டையும் பசையும். நான் ஒண்டாம் ஆண்டுல இருந்து அஞ்சாம் ஆண்டு வரைக்கும் படங்கள்ட முதுகப் பாத்துத்தான் படிச்ச."

"ஏன் திருப்பினவை?"

"நாங்க தொட்டு ஊத்தையாக்கிப்போடுவோமாம். கடதாசி வந்திருக்கு எண்டு டீச்சர் சொன்னா. ஒரு நாள் நான் கதிர போட்டு ஏறி ஒண்டத் திருப்பிப் பாத்தேன். வண்ணத்துப்பூச்சி. முட்ட, புழு, கூடு, பூச்சி. வட்டமாக் கீறி இரிந்திச்சு. நான் நெனச்சேன் நாலும் வேற வேற சாமான் எண்டு. அடுத்த வருசம்தான் தெரிஞ்ச, நாலும் ஒண்டுதான் எண்டு."

"அடி விழுந்ததா?"

"விழாம இருக்குமா?" என்று சிரித்தார்.

சுற்றறிக்கையின் ஏழாம் பந்தி: காலைப் பாடசாலைக்குரிய காட்சிப் பொருள்கள் பாதுகாக்கப்படல் வேண்டும். உள்ளூர்ப் பெற்றோர் முறைப்பாடு செய்யக்கூடாது என்பதற்காகச் சேர்த்தேன். நல்ல வசனம் என்று மேலதிகாரி பாராட்டினார்.

றிஸானா பேசி முடித்து என் முகத்தைப் பார்த்தார். வாய் திறக்க அதைவிட நல்ல சந்தர்ப்பம் இருக்கவில்லை. "ஆறாம் பாடவேளையைப் புதன்கிழமைக்கு மாத்தினா என்ன?" என்றேன்.

வியாழக்கிழமை காலை பெற்றோர் கூட்டம். நாற்பது பேர் வரை வந்திருந்தார்கள். றிஸானா எழுந்து, பிள்ளைக்கு எல்லா வாசலும் திறந்திருக்க வேண்டும் என்று அழகாகப் பேசினார். கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு அவருடைய கணவரே எழும்பினார்.

"டீச்சர் சொல்றது நல்ல கதைதான்" என்றார் பலீல். வீட்டில் அவர் மனைவியை அப்படி அழைப்பதில்லை. கூட்டம் சிரித்தது. "ஆனா நாங்க ஆரு? மன்னாரிலிருந்து ஒரு பையோட வந்த ஆக்கள். எங்களுக்கு நாலு பாடம்தான் தந்தாங்க. அந்த நாலையும் நல்லாப் படிச்சம். எண்ட தம்பி எஞ்சினியர். இவ டீச்சர். எங்கட சின்னப் பள்ளியில படிச்ச ஒருத்தர் டொக்டர். ஆட்டமும் பாட்டும் கீறலும் இல்லாமத்தான் வந்தம். அரசாங்கமே எழுதித் தந்திச்சு, இதுதான் அத்தியாவசியம் எண்டு. அரசாங்கம் பொய்யா சொல்லும்?"

பின்வரிசையில் ஒருவர், "ஓம், அதுமட்டும் சொல்லாது" என்றார். இன்னொரு சிரிப்பு.

ஒரு தாய் தயங்கிக்கொண்டு எழும்பினார். "எண்ட மகன் அன்ரன் மாஸ்டர்ட வகுப்பு இரிக்கிற நாளில மட்டும் எழுப்பாம எழும்புவான். அதுக்காகக் கேக்கிறேன். ஆனா சோதினையில குறஞ்சா எண்ட வீட்டுக்காரர் என்னத்தான் ஏசுவாரு." இருந்துவிட்டார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த மெடம், திணைக்களத்தில் பெரிய பதவியில் இருந்தவர். எனக்கு முன்னால் இரண்டு வழி இருந்தது. அந்த நாலு பாடத்தை அரசாங்கம் எழுதவில்லை, அனுபவமில்லாத ஒருத்தி, மூன்று மாதத்துக்கென்று, அவசரத்தில் எழுதினாள், அது நான்தான், அதில் தப்பு இருந்தது என்று சொல்லலாம். அல்லது நடைமுறை தெரிந்தவள் போலப் பேசலாம்.

நடைமுறை எனக்குத் தெரியும். பையிலிருந்து பழைய புலமைப்பரிசில் வினாத்தாள் ஒன்றை எடுத்தேன். திசையும் தூரமும் கேட்கும் வினாக்களை ஒவ்வொன்றாக வாசித்தேன். "பள்ளிவாசலிலிருந்து வடக்கே நடந்து, வலப்பக்கம் திரும்பினால்... இதெல்லாம் முற்றத்தில கீறிப் பழகின பிள்ளைக்கு நொடியில வரும். இது ஆட்டமும் பாட்டும் இல்லை. பரீட்சைப் பயிற்சி."

அறையின் முகம் மாறியது. முன்வரிசையில் ஒருவர் பேனாவை எடுத்தார். "அப்ப அதையே செய்யட்டும் மெடம். முத்தத்துல கீற வேணாம், வெயில். கடதாசியில பாதையப் போட்டு, கீழ கேள்வியப் போட்டுக் குடுக்கட்டும். ஆறு பாடவேளையும் குடுப்போம்."

பலீல் கையை உயர்த்தினார். மற்றவர்களும் உயர்த்தினார்கள். ஒருவரும் எதிர்க்கவில்லை. கூட்டக் குறிப்பை நானே எழுதினேன், அதில் எனக்கு நல்ல கை உண்டு: அன்ரன் மாஸ்டருக்கு ஆரம்பப் பிரிவில் ஆறு பாடவேளை, திசை, தூரம், வரைபடம் தொடர்பான வினாத்தாள் பயிற்சிக்காக. றிஸானா அதை வாசித்தார். கடைசிச் சொற்களில் கொஞ்சம் நின்றார். பிறகு கையொப்பம் போட்டார். கூட்டம் முடிய வேண்டியிருந்தது, நேரமும் இல்லை.

கதவடியில் அன்ரன் மாஸ்டர் நின்றார். "என்னக் காப்பாத்திட்டீங்க மெடம்" என்றார். "என்ன மட்டும் வடிவாக் காப்பாத்திட்டீங்க."

பலீலின் ஓட்டோவில் மூவருமாக வலய அலுவலகத்துக்குப் போனோம். அங்கே ஒரு மேசையில் என்னிடம் பயிற்சி எடுத்த ஒருவர் இருந்தார். வழக்கமாக மூன்று நாள் எடுக்கும் காரியம் அரை மணித்தியாலத்தில் முடிந்தது. முத்திரை விழுந்தது. முத்திரை விழுந்த நேரசூசியை ஒரு வருடத்துக்கு மாற்ற முடியாது, மாற்றுவதென்றால் திரும்பவும் பெற்றோர் கூட்டம், திரும்பவும் தீர்மானம். அந்த விதி வந்தபோது அதை வரவேற்றவள் நான்.

திரும்பும் வழியில் உப்பளத்துக்குப் பக்கத்தில் ஓட்டோவின் பின்சில்லு காற்றுப் போய்விட்டது. பலீல் இறங்கி ஜக்கை எடுத்தார். நானும் றிஸானாவும் வீதியோரம் நின்றோம். வெயில் தாழ்ந்து உப்புக் குவியல்களின் மேல் விழுந்தது. காற்று முந்தானையை இழுத்தது. முத்திரையிட்ட கடதாசி றிஸானாவின் கையில் இருந்தது. இனிச் சொல்வதால் ஒன்றும் கெடாது என்று தோன்றிய பிறகுதான் எனக்குச் சொல்ல வந்தது.

"அந்த நேரசூசியை எழுதினது நான்தான்" என்றேன்.

"எந்த நேரசூசி மெடம்?" சில்லுக்குப் பக்கத்திலிருந்து பலீல் கேட்டார்.

"பின்னேரப் பள்ளிக்கூடத்துது. நாலு பாடம். அத்தியாவசியப் பாடங்கள் எண்டு பேர் வைச்சதும் நான்தான். மூண்டு மாசத்துக்கெண்டு எழுதினது. பிறகு நான் அதைத் திரும்பிப் பாக்கேல்லை."

பலீல் எழுந்து கையைச் சாரத்தில் துடைத்தார். முகம் மலர்ந்திருந்தது. "அல்லாட காவல். மெடம், அந்த நேரம் எங்கள ஆரு பாத்தது? நீங்க அந்தக் கடதாசி எழுதாட்டி எங்களுக்குப் பள்ளிக்கூடமே இல்ல. இதக் கூட்டத்திலயே சொல்லியிருந்தா எல்லாரும் கை தட்டியிருப்பாங்க."

"கை தட்டியிருக்க மாட்டாங்க" என்றார் றிஸானா. என்னைப் பார்க்காமல் சொன்னார். "யோசிச்சிருப்பாங்க."

பலீல் எங்களை மாறிமாறிப் பார்த்துவிட்டுச் சில்லுக்குத் திரும்பினார்.

"படங்களத் திருப்பினதும் அந்தக் கடதாசிலதானா மெடம்?"

"பாதுகாக்க வேணும் எண்டு எழுதினேன்."

"ஓம்" என்றார். "பாதுகாப்பாத்தான் இருந்திச்சு."

நன்றி சொன்ன பலீலை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. ஏசியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். என்னிடம் பதில்கள் நிறைய இருந்தன. அந்த நாள்களில் இடமில்லை, ஆசிரியர் இல்லை, நேரமில்லை, எல்லாம் உண்மை. ஆனால் மூன்று மாதம் முடிந்த அடுத்த திங்கட்கிழமை ஒரு தாளை எடுத்து மீளாய்வு என்று எழுத எனக்கு நேரம் இருந்தது. இன்று காலை நாற்பது பேர் முன்னால் இரண்டு வசனம் சொல்லவும் நேரம் இருந்தது. முப்பது வருடத்துக்கு முந்தியதை மன்னிக்க என்னால் முடிகிறது. இன்று காலையை முடியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை வழக்கம்போலப் பாண், சம்பல், முட்டை. சனா பாடசாலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள். "இனி முத்தத்தில கீறுறல்லயாம்" என்று எனக்குச் செய்தி சொன்னாள், நான் கேள்விப்படாதவள் போல. நேற்றே ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. மழை வரும் வரைக்கும் கீறியது இருக்கும், அதற்குப் பிறகு என்ன என்று அவளுக்குத் தெரியவில்லை. வாப்பா அவசரப்படுத்தினார், போய்விட்டாள்.

றிஸானா பஸ் தரிப்பு வரை நடந்து வந்தார். என் பையை விடமாட்டேன் என்று பிடிவாதமாகத் தூக்கிக்கொண்டார். மரியாதையில் ஒரு குறைவும் இல்லை. வெங்காயப் பாத்திகளுக்கு நடுவில் நடந்தோம், சிதறும் தண்ணீர் காலில் பட்டது. நான் கொவென்ட்ரி போனதும் புதிய கையேடு ஒன்று எழுதி அனுப்புவதாகச் சொன்னேன். அவர் சிரித்தார்.

"அடுத்த வருசமும் இதே கூட்டம் வைக்கணும் மெடம்" என்றார். "இந்த முற நான் வாசல் திறக்கிற கதை கதைச்சேன். அது சரிவரல்ல. அடுத்த முற அந்த நேரசூசி எப்படி வந்த எண்டு சொல்லப்போறேன். ஆரு எழுதின, எத்தன மாசத்துக்கு எழுதின, நாங்க எதப் பாத்துக்கிட்டு இருந்த எண்டு. எண்ட வீட்டுக்காரருக்கும் சேத்துத்தான். அன்ரன் மாஸ்டர் இருக்கிறாரே, அது போதும் தொடங்குறதுக்கு."

"நானும் வரட்டா? நானே சொல்லுறன்."

அவர் பையைக் கீழே வைத்தார். தூரத்தில் பஸ் தெரிந்தது.

"வேணாம் மெடம். நான் சொல்லிக்கிறேன்."

கோபமில்லை. பஸ்ஸை மறித்து, நடத்துநரிடம் பையைக் கொடுத்து, சாளரப் பக்கத்தில் எனக்கு இடமும் பிடித்துத் தந்தார். விண்ணப்பங்களை நிராகரிக்கும் நாள்களில் நானும் அந்தத் தொனியில்தான் பேசுவேன். மேன்முறையீட்டுக்கு இடம் வைக்காத தொனி. ஏறி உட்கார்ந்தேன். அவர் கையசைத்துவிட்டு, மணியடிக்க நேரமாயிற்று என்று, பாடசாலைப் பக்கம் வேகமாக நடந்தார்.